முப்பத்தைந்து எழுத்து வரைக்கும்

கோபத்தில்கூட என்னை 'டி' போட்டுக் கூப்பிடாத என் மாமாவுக்கு,

கட்டின புருஷனுக்கு எழுதும்போது 'நீங்கள்' என்று போட வேண்டும் என்கிறாள் நம் மகள் சுகன்யா. இருபத்திரண்டு வருஷம் 'இன்னா மாமா, நீ' என்றுதான் உன்னோடு குடும்பம் நடத்தினேன். போன பிறகு புதிதாக மரியாதை கொடுத்தால் யாரோ வேற்று ஆளுக்கு எழுதுகிற மாதிரி ஆகிவிடும். நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சுகன்யாவுக்குச் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துவிட்டது. காலையில் பாதி இட்லியை வாயிலும் மீதியை டப்பாவிலும் வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். இன்னொரு செய்தியும் இருக்கிறது, கேட்டால் நீ சிரிப்பாய். நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், கேளம்பாக்கத்தில், நீ போன அதே மாடி வகுப்புக்குப் போகிறேன். நீ எந்த பெஞ்சில் உட்காருவாய் என்று டீச்சரிடம் கேட்டு, அதிலேயே உட்காருகிறேன்.

சிரித்து முடித்தாயா மாமா? இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நீ ஏன் படிக்க ஆரம்பித்தாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். கேளம்பாக்கம் ஃப்ளாட்டிலிருந்து மறைமலைநகர் பக்கத்துத் தொழிற்சாலைக்கு நீ தினமும் காரில் கூட்டிப்போன ஜப்பான்காரருக்கு, ஒருநாள் வழியில் வயிற்று வலி வந்துவிட்டது. பின்சீட்டில் சுருண்டுகொண்டு அவர் என்னவோ சொல்கிறார், உனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. கடைசியில் நீயாகவே ஒரு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினாய். அவர் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார், நீதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்த மனுசன் தண்ணி கேட்டாரா, வண்டிய நிறுத்தச் சொன்னாரான்னுகூடத் தெரியாம, மாடு மாரி முழிச்சிகினு ஓட்னேன் மல்லிகா" என்றாய். அந்த வாரமே மூன்று ஸ்பைரல் நோட்டு வாங்கி வந்தாய்.

நாற்பத்தேழு வயதில் அரிச்சுவடி. முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, அவர்களுக்கும் அ, இ, உ, எ, ஒ என்று நம் வரிசையில்தான் வருகிறது என்று நோட்டை விரித்துக் காட்டினாய். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது 'ததாயிமா' என்பாய். வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தமாம். அதற்கு வீட்டில் இருப்பவர் 'ஒகாயெரி' என்று சொல்லி வரவேற்க வேண்டும், அது அவர்கள் ஊர் வழக்கம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். சொல்லிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பாய். நான் "கால கழுவிகினு வா" என்பேன். ஒரு வார்த்தைதானே, சொல்லியிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

எனக்கு அந்த மொழிமேல் கோபம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைமேல்தான் கோபம். வாரத்தில் உனக்கு இருந்த ஒரே லீவு அது. என் தம்பி மகனுக்குத் திருவிடந்தையில் காது குத்தினார்களே, அன்றைக்கும் உனக்கு வகுப்பில் ஏதோ பரீட்சை. அத்தையும் மாமாவும் சேர்ந்து நின்று வைக்க வேண்டிய சீர்த்தட்டை நான் தனியாகத் தூக்கிக்கொண்டு போனேன். பந்தியில் ஒருத்தர், "இன்னாமே, மாப்ள ஜப்பானுக்கே பூட்டாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உனக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்று அந்த இலை முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

இரண்டு மாதத்தில் போகி வந்தது. நீ விடியுமுன்பே ஏர்போர்ட் சவாரிக்குக் கிளம்பிவிட்டாய். தெருமுனையில் நெருப்பு மூட்டிப் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிழிந்த பாய், உடைந்த முறம், சுகன்யாவின் பழைய கைடுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனேன். அந்தக் கட்டோடு உன் நோட்டு மூன்றும் தெரியாமல் சேர்ந்து போய்விட்டன என்று எழுதலாமா என்று இதை எழுத உட்கார்ந்தபோதுகூட யோசித்தேன். அது பொய். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே நீ அடுக்கி வைத்திருந்த இடத்திலிருந்து நான்தான் எடுத்தேன். மற்றதையெல்லாம் போட்ட பிறகு, கடைசியாக அவற்றைப் போட்டேன். பக்கம் பக்கமாக நீ எழுதியிருந்தது சுருண்டு சுருண்டு எரிந்தது. குச்சியால் வெளியே தள்ள நேரம் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் நீ வீடு முழுக்கத் தேடினாய். கட்டிலடியில் டார்ச் அடித்துப் பார்த்தாய். என்னைக் கேட்டபோது, "எனக்கு இன்னா தெரியும், பழைய பேப்பர்காரன் எடுத்துனு போயிருப்பான்" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் டார்ச்சை அணைத்து அலமாரியில் வைத்தாய். அதோடு பேச்சு முடிந்தது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினாய். 'ததாயிமா'வும் நின்றுபோனது. அந்த வருஷம் ஒரு விசேஷம் விடாமல் என்னோடு வந்தாய். ஜப்பான் பாஷை என்னவாயிற்று என்று யாராவது கேட்டால் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். அவருக்கு மண்டையில் ஏறவில்லை, விட்டுவிட்டார் என்பேன். நீ பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருதடவைகூட நீ மறுத்துப் பேசவில்லையே, ஏன் மாமா?

அடுத்த போகிக்கு நீ இல்லை. மாமல்லபுரத்தில், கோயில் பார்க்கப் போனவர்களுக்காக வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கும்போது, உட்கார்ந்தபடியே உன் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்து வண்டியில் இருந்த உன் கூட்டாளி பஷீர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, உன் காரில் இருந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சீப்பு, துண்டு, விபூதிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். அடியில் ஒரு அட்டைக் கட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு ஜப்பான் எழுத்து, மூலையில் பென்சிலால் தமிழில் அதன் ஓசை. எல்லாவற்றையும் ஓட்டை போட்டு ஒரு கறுத்த சுருள் கம்பியில் கோத்திருந்தாய்.

நீ விடவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரப் பயந்து, வண்டியிலேயே வைத்து முதல் எழுத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தைந்து. 'மோ'வோடு நின்றிருந்தது. மொத்தம் நாற்பத்தாறு என்பது வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆமாம், அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். கூடப் படிப்பதெல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். முதல் நாள் என்னை யாரோ ஒருவரின் அம்மா என்று நினைத்து வெளியே நாற்காலி போட்டார்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது. 'சா'வும் 'சி'யும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கின்றன. 'நு'வின் வாலில் ஒரு சுழி, 'மெ'வுக்கு அது கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். 'நோ' மட்டும் அரைச் சுற்று முறுக்கு, அது சுலபம். எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும் என்பதற்கும் முறை உண்டாம், மாற்றி இழுத்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுகிறாள். ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆகிறது. அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், பத்து மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து நீ எத்தனை வரி எழுதியிருப்பாய், அந்த மூன்று நோட்டில்?

போன மாதம் வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது, பஷீர் அந்தப் பக்கம் வந்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். நான் வழியெல்லாம் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டு வந்தேன்.

"அண்ணி, அது இன்னா கம்பின்னு தெரியுமா?" என்று கேட்டார்.

ஏதோ பழைய கம்பி என்றேன்.

"போகிச் சாம்பல்ல பொறுக்கினது அண்ணி. பொங்கலன்னிக்கு எடுத்தாந்து காட்னாரு. நோட்டு பூட்ச்சி, கம்பி மட்டும் மிச்சம் கீதுன்னாரு."

யார் எரித்தது என்று சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னாரு. நானும், வூட்ல போய் கேளு அண்ணாத்தன்னேன். அதுக்கு அவரு, ஒருவாட்டி கேட்டேன், பொய் சொன்னா. இன்னொருவாட்டி கேட்டா இன்னொரு பொய் சொல்லணும், எதுக்கு அவளுக்கு அந்தப் பேஜாருன்னாரு. அப்புறம், அந்தக் காதுகுத்துக்கு நான் போயிருக்கணும்டான்னாரு."

நீ என்னைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறைகூடக் கொடுத்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். நான் எரித்ததற்கு உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பியிலேயே மறுபடியும் எழுத்துகளைக் கோத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் நான் உன்னை மக்கு என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். இதற்கு நான் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? மன்னிப்புக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இரண்டாம் பாடத்திலேயே வந்துவிட்டது. கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் கோரஸாகச் சொன்னார்கள். எனக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். திருவிடந்தைக்குப் போய்த் தம்பியிடமும் அன்று பந்தியில் இருந்தவர்களிடமும் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயரைச் சொல்லியே, ஏழுமலைக்கு மண்டையில் ஏறாமல் இல்லை, நான்தான் கொளுத்தினேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நேற்று, தம்பி மகனின் காதணி விழாப் பத்திரிகை ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை உன் அட்டை அளவுக்குப் பல சதுரங்களாக வெட்டி, வெள்ளைப் பக்கத்தில் 'யா' எழுதினேன். ஏழு அட்டை வீணாகி, எட்டாவதுதான் டீச்சர் ஒப்புக்கொள்கிற மாதிரி வந்தது. கம்பியின் முனையைப் பிரித்து, உன் 'மோ'வுக்குப் பின்னால் கோத்துவிட்டேன். உன் கையெழுத்துப் பக்கத்தில் என்னுடையது கோணலாகத்தான் இருக்கிறது. இன்னும் பத்து பாக்கி. வரும் போகிக்குள் நாற்பத்தாறும் இந்தக் கம்பியில் ஏறிவிடும் மாமா, இது சத்தியம். அன்றைக்கு நம் வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட நெருப்புக்குப் போகாது.

வாசலில் உன் செருப்பு அப்படியே இருக்கிறது. நீ நின்று நின்று எதிர்பார்த்த பதிலை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஒகாயெரி, மாமா.

உன் பொண்டாட்டி,
மல்லிகா