அம்மா துடைத்து வைத்த டேங்க்

கச்சிராயபாளையம்
அக்டோபர் 1987

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி மரியநாதனும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. பஹ்ரைனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது, கோயில் நிறைய ஜனம். இடஒதுக்கீட்டு மறியல் அடங்கி இப்போது சின்னசேலம் பஸ் ஓடுகிறது. மறியல் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்டார்கள், நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு வண்டி ஓடியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது.

மரியநாதன் படகு மோட்டாரைக் கவனிக்காமல் விட்டுத்தான் அம்மாவைச் சாகடித்தான், அவன் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அவனும் படித்துவிட்டான். அதனால் நடந்ததைச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி. விறகு பொறுக்கின இடத்தில் அம்மாவை விரியன் கடித்தது. ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், மாட்டுவண்டிகூடப் போக வழியில்லை. படகில் கோமுகி அணையைக் கடந்து மறியல் இல்லாத மதகுப் பக்கம் இறங்கினால் கம்பவுண்டரின் ஜீப்பில் கள்ளக்குறிச்சி போய்விடலாம் என்று யோசனை சொன்னதே மரியநாதன்தான். பெட்ரோல் எங்கேயும் கிடைக்கவில்லை, மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ பஹ்ரைனுக்குப் போகும்போது டேங்கில் ஊற்றி வைத்ததுதான் இருந்தது. பாதித் தண்ணீரில் மோட்டார் இருமி இருமி நின்றுவிட்டது. இரண்டு பேரும் துடுப்புப் போட்டோம், மலைக்காற்று எதிரே தள்ளியது. கரையில் ஜீப் நிற்பது தெரிந்தது, அதற்குள் அவள் போய்விட்டாள்.

போன வாரம் அந்த டேங்கை நானே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் நாற்றம். கவிழ்த்தால் டிகாஷன் மாதிரி கொட்டியது, அடியில் முருங்கைப் பிசின் போலக் கட்டி கட்டியாக, குழாய் முனைச் சல்லடை மொத்தமும் அடைப்பு. மண்ணெண்ணெய் விட்டு ஒரு கை சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் குலுக்கி எனக்குத் தோள் கழன்றது, துருவும் பிசினும் வந்துகொண்டே இருந்தது. கல் சுத்தமாக வரும்வரை கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தேன், வெடித்த ரப்பர் குழாயை மாற்றினேன். வெளியே மட்டும் சிவப்புப் பெயிண்ட் புதுசு போல இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா அதை முந்தானையால் துடைப்பாள். மரியநாதன் பழைய பெட்ரோலைக் கொட்ட எத்தனையோ தடவை உட்கார்ந்தான், ஒவ்வொரு தடவையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "பெரியவன் கையால ஊத்தி வச்சுட்டுப் போனதுடா, அவன் வந்து எடுக்கட்டும், நீ இன்னாத்துக்குத் தொடுற" என்பாள். கெட்டுப்போகும் என்று யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள். வலை போடத் துடுப்பே போதும் என்று அவனும் விட்டுவிட்டான்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று மரியநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் என்னியே திட்டிக்கினு இருக்கட்டும்பா, தான் ஊத்துன பெட்ரோல்தான்னு தெரிஞ்சா அது தாங்காது" என்றான். நீ தாங்க மாட்டாய் என்று எனக்கும் தெரியும். எழுதும்போது எனக்கே அழுகை வருகிறது. ஆனால் அவளும் போய், நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனால் நான் யாரோடு இருப்பேன். பிள்ளை மேல் ஆசை வைத்தது அவள் குற்றமில்லை, பெட்ரோலை ஊற்றி வைத்தது உன் குற்றமுமில்லை.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக, தூர தேசத்தில் தனியாக அழாதே, கூட இருப்பவர்களிடம் மனம் விட்டுப் பேசு. எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கவர்மேல் மரியநாதன் பெயரைப் போட்டு ரெண்டு வரி எழுது. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் அவன் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

உன் அப்பா,
செபாஸ்தியான்