ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் விழுந்த புள்ளி

இன்று காலை விராலிமலை கடைவீதியில் டிரை வாஷுக்குக் கொடுத்திருந்த பட்டுப்புடவையை வாங்கி வந்தேன். வீட்டுக்குள் வைத்து உறையைப் பிரித்ததும் அந்த இனிப்பு வாசம் வந்தது. பழம் அழுகத் தொடங்குவதற்கு முந்தின நாள் வருமே, அதுபோல லேசாக வந்து மண்டைக்குள் உட்காரும் வாசம். யோசிக்கும் முன்பே என் கை புடவையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டது. நிழல் விழுந்த பக்கம் கொடியில் விரித்துப் போட்டேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகத் தள்ளி நின்றேன். "பட்டுப்பொடவையக் கொல்லையில போட்டுக் காவல் காக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் என் வீட்டுக்காரர். நீ இருந்திருந்தால் அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பாய். எனக்கு உடனே வாய் வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ என் ஓரகத்தி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேரில் நான் மூத்தவள், நீ இளையவள். ஓரகத்திகள் என்றால் ஊர் சண்டையைத்தான் எதிர்பார்க்கும். அந்த ஏமாற்றத்தை நாம் பல வருஷம் ஊருக்குக் கொடுத்தோம். நான் வீட்டைப் பார்த்தேன், நீ வேலைக்குப் போனாய். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் பாதையில் இருந்த அந்தப் பட்டறையில், லேத்தில் கடைந்த இரும்புச் சாமான்களைக் கழுவும் பிரிவு உனக்கு. சூடாக்கிய தொட்டியில் இதே இனிப்பு வாசமுள்ள ஒரு திரவம் ஆவியாகி நிற்கும். கம்பிக் கூடையில் சாமானை வைத்து அதற்குள் இறக்கினால் எண்ணெயும் கிரீஸும் விட்டுப்போகும். பீப்பாயில் அதற்கு நீளமான பெயர் இருந்தது, ட்ரைகுளோரோஎத்திலீன் என்று. நீங்கள் எல்லாரும் மருந்து என்றே சொல்வீர்கள்.

உனக்குத் தலைவலி அதிகமான வருஷம் நான் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் உனக்காக விரதம் இருந்தேன். "எனக்குத் தலவலின்னா நீங்க பட்டினி கெடக்குறீங்க. ஒங்களுக்குத் தலவலி வந்தா நான் பிரியாணி திங்கணுமாக்கா?" என்று கேட்டாய். திருஷ்டி கழித்தோம். கழுத்து நரம்பு என்று ஒருவர் சொல்ல, தைலம் தேய்த்தோம். தலைவலி போகவில்லை.

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் மனசு நிற்கும். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் பால் கணக்கிலிருந்து பிள்ளைகளின் தடுப்பூசி வரை என் நோட்டில் இருக்கும். விரதம் பலித்ததா என்று முருகனுக்கே காட்டிவிடலாம் என்று மாதக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். உனக்குத் தலைவலி வந்த நாளில் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் போனது. திங்கள் முதல் சனி வரை புள்ளி. ஞாயிற்றுக்கிழமை வரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. பொங்கல் விடுமுறையிலும் அப்படித்தான். உன்னிடம் காட்டினேன். நீ பார்த்துவிட்டுச் சொன்னாய்: "முருகன் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் மனு வாங்குவாரு போலக்கா. கலெக்டராபீசுல திங்கக்கெழம வாங்குறாங்கல்ல, அது மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணுக்கு முன்னால் இருந்ததை வாசிக்காமல் சிரித்தோம். ஞாயிறு ஓய்வு நாள், ஓய்ந்தால் தலைவலி நிற்காதா என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பிறகு தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு வந்தது. பூஜை அறையில் இருந்த தொங்குவிளக்கும் குத்துவிளக்கும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவற்றின் வேலைப்பாட்டு இடுக்குகளில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. புளி போட்டும் சாம்பல் போட்டும் என் நகம்தான் தேய்ந்தது. "விடுங்கக்கா, எங்க மருந்துல ஒரு தடவ தொடச்சா புதுசாயிரும்" என்று சனிக்கிழமை ஒரு குளிர்பான பாட்டிலில் கொண்டு வந்தாய். அதை நான் அடுப்படி மேடையில் தண்ணீர்ப் பாட்டில்களோடு வைத்தேன். வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடிய வயது.  அன்று எனக்கு அது தப்பாகவே படவில்லை. சாமிக்கான சாமான், நல்ல சுத்தமாகத் துடைக்கிறோம் என்ற பக்தி மட்டும்தான் இருந்தது.

பூஜை அறைக்கு ஜன்னல் கிடையாது. கோழி நுழையக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டோம். பழைய துணியை நனைத்து நனைத்துத் துடைத்தோம். பிசுக்கு வெண்ணெய்போல வழிந்தது. பித்தளை பளீரென்று ஆனது. எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது, உனக்கும் வந்தது. எழுந்து நின்றால் தரை சாய்ந்தது. அதோடு விட்டோமா? துடைத்த ஈரம் காயும் முன்பே விளக்கை ஏற்றினோம். தொண்டை சுரீரென்று கரித்தது, இரண்டு பேரும் இருமிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்தோம். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பூசத்துக்குப் பால்கொடம் எடுக்குறதாத்தானே சொன்னீங்க? ரெண்டு பேரும் வேற கொடம் எடுத்துட்டீங்களா?" என்றார்.

அன்று சாயங்காலம் நீ தலையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாய். நான் வழக்கம்போல பென்சிலை எடுத்துக்கொண்டு காலண்டர் முன்னால் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் முதல் தடவையாகப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத என் மண்டையும் அப்போது இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே எனக்கும் ஒன்று வைத்தேன். அப்புறம்தான் கை நின்றது.

உன்னை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். நீ சிரிக்கவில்லை. "ஒரு பாட்டில்லயே இப்புடின்னா, நான் தொட்டி மேலயே குனிஞ்சு நிக்கிறேனேக்கா" என்றாய்.

மிச்சத்தை வாழை மரத்தடியில் ஊற்றப் போனேன். கிணறு பக்கத்தில் இருக்கிறது என்று நீதான் தடுத்தாய். மூடியை இறுக்கி, மேலே துணி சுற்றி, கொண்டு வந்த இடத்துக்கே எடுத்துப் போய்க் கழிவுப் பீப்பாயில் சேர்த்தாய். திரும்பி வரும்போது, பீப்பாயோடு வந்து ஸ்டோர் ரூம் கோப்பில் யாரும் தொடாமல் கிடந்த பாதுகாப்புத் தாளின் நகல் உன் கையில் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். பிள்ளைகளின் புத்தகங்களை வைத்து நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அதற்குப் போதவில்லை. மூன்று மத்தியானம் அகராதியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதினேன், நீ அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாய்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும் என்று வாசித்தேன். உனக்கு முகம் மாறியது. தொட்டிக்குள் சாமான் விழுந்தால் நீங்கள் தலையை உள்ளே விட்டுத்தான் எடுப்பீர்கள். மயங்கினால் அந்த இடத்திலேயே உயிர் போகலாம் என்று இருந்தது. நெருப்போடு சேர்ந்தால் நச்சுப் புகையாகும் என்று இருந்தது. நாம் விளக்கேற்றியது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும் என்றதும் உன் கையைத் திருப்பிப் பார்த்தாய். வேலை முடிந்ததும் கிரீஸ் போக அந்த மருந்திலேயே கை கழுவி, விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. நாளாக ஆக ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, புற்றுநோயும் வரலாம் என்ற வரியை வாசிக்காமல் தாண்டப் பார்த்தேன். "அங்கிட்டுத் தாவாதீங்கக்கா, அதையும் படிங்க" என்றாய்.

வேலையை விட்டுவிடு என்றேன். "விட மாட்டேங்கா. நான் விட்டா நாளைக்கே வேற ஒருத்தி வருவா. தொட்டி அங்கயேதான இருக்கும்?" என்று கேட்டாய்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் நீ பேசியதை அன்று சாயங்காலம் எனக்கு நடித்தே காட்டினாய்.

"ஏம்மா, இத்தன வருசமா இல்லாத தலவலி இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"இருந்துச்சு சார். எழுதி வைக்க ஆள் இல்ல. இப்ப எங்கக்கா எழுதியிருக்காங்க."

"அதான் மாஸ்க் குடுத்துருக்கோம்ல?"

"துணி மாஸ்க் தூசிக்குத்தான் சார், ஆவிய நிறுத்தாது. நீங்களே அதப் போட்டுக்கிட்டு இங்கிட்டு வந்து நில்லுங்க. வாசம் வரலைன்னா நான் பேசாம போயிடறேன்."

அவர் போட்டுக்கொண்டு வந்தாராம். தொட்டிக்கு நாலடி தூரத்திலேயே நின்றுவிட்டாராம். "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றவர், மறுவாரம் உன்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

இந்த இடத்தில் என் தப்பை எழுதாமல் போனால் கணக்கு நேராகாது. பேக்கிங்குக்குப் போனதும் உன் தலைவலி நின்றது. அந்த மாதம் காலண்டரில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் மலையேறித் தேங்காய் உடைத்தேன். "முருகன் வழி காட்டிட்டான், இனி வாயத் தொறக்காத" என்று உனக்கு விபூதி பூசினேன். நீ பூசிக்கொண்டாய்.  உன் இடத்தில் ஆவூரிலிருந்து வந்த ஆரோக்கியம் என்ற பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். கல்யாணமாகி மூன்று மாதம்.

"ஏன்க்கா, எனக்குப் புள்ளி நின்னுருச்சு. அந்தப் புள்ளைக்கு வுழுகுதே, அத யாரு காலண்டர்ல வைக்கிறது?"

 நேர்த்திக்கடன் செலுத்திவிட்டேன், என் வீட்டுக்கு நல்லது நடந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நீ சாமி கும்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று என் கும்பிடு சின்னதாகப் போயிற்று.

அடுத்த நாள் நான் தமிழில் எழுதியதை நகல் எடுத்துக்கொண்டு போனாய். ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பேரும் உன்னோடு நின்றார்கள். இந்த முறை சூப்பர்வைசரிடம் போகவில்லை, நேரே முதலாளி அறைக்குப் போனீர்கள். "வேலை செய்ய மாட்டோம்னு சொல்ல வரல. நான் பேக்கிங்க விட்டுட்டுத் தொட்டிக்கே திரும்பி வாரேன். இதுல எழுதியிருக்குறபடி செஞ்சு குடுங்க" என்று நீ சொன்னதாக ஆரோக்கியம்தான் பிறகு என்னிடம் சொன்னாள். இதை நீயாக ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. முதலில் தொட்டிக்கு மூடி வந்தது. விழுந்ததை எடுக்க நீளக் கொக்கி வந்தது. கழுவிய சாமானில் தூசி படியும் என்று சாத்தி வைத்திருந்த ஜன்னல்கள் திறந்தன. தொட்டியின் விளிம்போடு சேர்த்து ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி வைக்க இரண்டு மாதம் ஆனது. முதலில் கொடுத்த கையுறை ஒரு வாரத்தில் ஊறிப் பொத்தலானது. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இந்த மருந்துக்கென்று இருக்கும் கையுறையை வாங்க வைத்தாய். சாப்பாடு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனது. சொன்ன சொல் மாறாமல் தொட்டிக்குத் திரும்பி, கூடையைச் சட்டென்று தூக்காதே, வடிய விட்டு மெதுவாகத் தூக்கு என்று எல்லாருக்கும் நீயே காட்டிக் கொடுத்தாய். நான் எழுதிய தாளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நீ செல்போனில் படம் பிடித்து வந்து காட்டியபோது, என் கையெழுத்து ஒரு கம்பெனிச் சுவரில் இருப்பதை நம்ப முடியாமல் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

வருஷங்கள் கழித்து உனக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. இதுதான் காரணமா என்று திருச்சி டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தெரியாததை நான் எழுத மாட்டேன், நோட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். உனக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்தபோது கழுவும் பிரிவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஆரோக்கியம் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்து உன் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அழுதுகொண்டே நின்ற எனக்கு அந்த நேரத்தில் தலை நிமிர்ந்தது. இவள் என் ஓரகத்தி என்று கூட்டத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

நேற்று ஆரோக்கியம் மறுபடி வந்தாள். பழைய மருந்தை நிறுத்திவிட்டார்களாம், வேறு ஒன்று பீப்பாயில் வந்து இறங்கியிருக்கிறதாம். "இது ஒண்ணுமே செய்யாது, தைரியமா தொடுங்கன்னு புதுசா வந்த சார் சொல்றாருக்கா. தாளக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். நீங்க வாசிச்சுச் சொன்னாத்தான் பீப்பாயத் தொறப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு பக்கம் இருக்கிறது, எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது. விடியற்காலையில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஐந்து பக்கம் முடித்துவிட்டேன். கண்ணுக்கு ஆகாது என்று ஒரு வரி வந்தது, எழுதிக்கொண்டேன். எட்டாம் பக்கத்தில் சிறுநீரகம் என்ற சொல் இருப்பது புரட்டியபோதே கண்ணில் பட்டது. நான் தாண்டிப் போகப் போவதில்லை. நாளைக் காலை ஷிப்டுக்கு முன்னால் ஆரோக்கியமும் மற்றவர்களும் வருவார்கள், நான் சத்தமாக வாசிக்க வேண்டும்.