புதன்கிழமைக் கட்டம்

மார்ச் 2, திங்கள்

அன்பு மனைவிக்கு,

இங்கே இருவரும் நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்து யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். முக்கியமான விஷயங்களை இனி எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. மகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். என் சமையலைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்காதே.

நீ அந்தப் பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. விற்பனை வேலை என்றால் நேரங்காலம் தெரியாமல் அலைகிற வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று சொன்னாய். அதற்குள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக நூற்றி நாற்பது டிரைவர்களுக்கு டூட்டி சார்ட் போடுகிற கை இது. சொந்த மனைவிக்குப் போட எவ்வளவு நேரமாகும்? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் நடை. ஒன்பதிலிருந்து ஒன்று வரை கடைகள், கடைக்கு இருபது நிமிடம் வீதம் பன்னிரண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். இரண்டிலிருந்து ஐந்து வரை மறுபடி கடைகள். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன். சனிக்கிழமை மதியம் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஐந்துக்கு இங்கே. ஞாயிறு முழுக்க வீடு, திங்கள் விடியலில் திரும்பிவிடலாம். வேலை, உடம்பு, குடும்பம் மூன்றும் சமம். பென்சிலில் எழுதியது உறுதியாகாத டூட்டி, மையில் ஏறியதை யாரும் மாற்றுவதில்லை என்பது எங்கள் டிப்போ வழக்கம். உனக்கு மையிலேயே எழுதியிருக்கிறேன்.

உன் நலம் நாடும்,
கணவன்

மார்ச் 9, திங்கள்

டூட்டி சார்ட் போடும் என் அன்புக் கணவருக்கு,

சார்ட் வந்தது. கோடெல்லாம் அழகாக இருக்கிறது. அதன்படி நடந்தால் மூன்று மாதம் வேண்டாம், மூன்றே வாரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடைக்கு இருபது நிமிடமா? கடை என்ன பஸ் ஸ்டாப்பா, போய் நின்றதும் ஏறிக்கொள்ள? எட்டிலிருந்து பத்து வரை ஹார்டுவேர் கடைகளில் பெயிண்டர்கள் டின்னுக்கும் பிரஷ்ஷுக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது போய் நின்றால் கடைக்காரர் என்னை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பத்தரைக்கு மேல்தான் உட்காருவார், பேசுவார், ஷேடு கார்டைப் புரட்டுவார். இரண்டிலிருந்து மூன்றரை வரை சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்வார். அந்த நேரத்தில் எழுப்பி ஆர்டர் கேட்டால் ஆயுசுக்கும் ஆர்டர் கிடைக்காது. இந்தக் கடிதத்தையே அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணிக்குப் பிறகு கான்ட்ராக்டர்கள் வருவார்கள்.

வீட்டுக்காரர்கள் விஷயம் வேறு. சுவரில் கை அகலத்துக்கு அடித்துக் காட்டினால்தான் நிறத்தை நம்புவார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம் என்பதால் பகலில்தான் காட்ட வேண்டும். பகலில் அவர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அந்த ஞாயிறுதான் எனக்கு வாரத்திலேயே முக்கியமான நாள்.

மூன்றும் சமம் என்கிறீர்கள், யாருக்குச் சமம்? போக வர எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்வேன் என்பது நம் வீட்டு அழுக்குத் துணி மூட்டைக்குத் தெரியும். எனக்கு நன்றாகவே கோபம் வருகிறது. போனில் இருந்திருந்தால் இந்த இடத்தில் வைத்திருப்பேன்.

நானே ஒரு சார்ட் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். காலையில் கம்பெனி கிடங்கு, பத்தரைக்குமேல் கடைகள், மதியம் ஓய்வு, மாலையில் கான்ட்ராக்டர்கள், ஞாயிறு வீடுகள். புதன்கிழமை எனக்கு விடுமுறை. அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு மகளோடு பேசுவதை மட்டும் உங்கள் சார்ட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். பரீட்சை முடிந்ததும் அவளை இங்கே அனுப்புங்கள். நான் தங்கியிருக்கும் ஹாஸ்டல் அறை சின்னதுதான், ஆனால் ஜன்னல் பெரியது.

அன்புடனும் கொஞ்சம் கோபத்துடனும்,
உங்கள் மனைவி

மார்ச் 13, வெள்ளி

அன்பு மனைவிக்கு,

உன் சார்ட்டைப் பார்த்தேன். கோடு கோணலாக இருந்தாலும் குறை சொல்ல முடியவில்லை. பெயிண்டர்கள் எப்போது வருவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? ஒப்புக்கொள்கிறேன்.

புதன் காலியாக இருப்பதையும் பார்த்தேன். நல்லதாகப் போயிற்று. எங்கள் சார்ட்டில் காலிக் கட்டம் என்றால் அந்த ஆள் ஸ்பேர், டிப்போவிலேயே உட்கார்ந்திருப்பார், யாராவது வராவிட்டால் அவரை வண்டியில் ஏற்றுவோம். உனக்குத்தான் தெரியுமே. என் அக்காவுக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதாம். உன் ஊர்க் கண் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்கிறாள். புதன்கிழமை நீ இருப்பாய் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று.

மகள் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள்.

அன்புடன்,
கணவன்

ஏப்ரல் 2, வியாழன்

டூட்டி சார்ட் போடுகிறவருக்கு,

அன்பான வார்த்தைகளைத் தேடினேன், இன்றைக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் பதினெட்டாம் தேதி, புதன். உங்கள் அக்கா காலை ஆறு மணிக்கே ஹாஸ்டல் வாசலில் நின்றார். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் வரிசை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை விரிய வைத்துவிட்டார்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டே சாயங்காலம் வரை நடந்தேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, கண் தெரியாதவர் பாவம் என்ன செய்வார்? ஆனால் பஸ் ஏறும்போது ஒன்று சொன்னார். "புதன்கிழமை நீ சும்மாதான இருப்பியாம், தம்பி சொன்னான். அடுத்த வாரமும் வந்துடறேன்."

அடுத்த புதனும் வந்தார். கூடவே உங்கள் டிப்போ காசாளரும் அவர் மகளும். அந்தப் பெண்ணுக்கு இங்கே ஹாஸ்டல் பார்க்க வேண்டுமாம். அக்காவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு ஏழு ஹாஸ்டல்களில் மாடி ஏறி இறங்கினேன். நேற்றைய புதனில் உங்கள் கண்டக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஊர் சுற்றிப் பார்க்கவாம். "அவங்க சும்மா உக்காந்துருப்பாங்க, போய்ட்டு வாங்கன்னு சார்தான் சொன்னாரு" என்றார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நடுவில் நடந்ததைக் கேளுங்கள். ஏழு ஹாஸ்டல் ஏறி இறங்கிய மறுநாள், வியாழக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது டின் ஆர்டர் எழுதினேன். நான் பிடித்த முதல் பெரிய ஆர்டர், மூன்று வாரம் நடையாய் நடந்து வாங்கியது. ஷேடு எண் 4172, சந்தன நிறம். நான் எழுதியது 4127. திங்கள்கிழமை பள்ளி முற்றத்தில் மூடியைத் திறந்தால் ஆகாய நீலம். நாற்பதும் நீலம். மெஷினில் கலந்த நிறத்தைப் பிரித்தெடுக்க முடியாது, திருப்பியும் எடுக்க மாட்டார்கள். தலைமையாசிரியை கத்தவில்லை. டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பதில் கத்தியிருக்கலாம்.

மேலாளர் என்னை உட்காரச் சொன்னார். இந்த மாதக் கடைசிக்குள் நாற்பது டின்னையும் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் வேலை நிரந்தரமாவதைப் பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் பேச ஒன்றுமில்லை என்றார். எனக்கு வேலை நிலைக்குமா என்பது இப்போது நாற்பது நீல டின்னில் இருக்கிறது.

தப்பு என் கை செய்தது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்தக் கைக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வைத்திருந்தேன். அதை எடுத்து ஊருக்கெல்லாம் பங்கு போட்டது நீங்கள். ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் ஒன்றும் எழுதாமல் விட்டது ஒன்றும் இல்லை என்பதற்காக அல்ல. அது என்னுடையது என்பதற்காக.

உங்கள் டிப்போவில் ஒரு டிரைவருக்குப் பதினாறு வருஷம் ஓய்வே போடாமல் இருந்து பாருங்கள். பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்திவிட்டுப் போயிருப்பார். நான் நிறுத்தவில்லை. மகள் வளர்ந்து தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வரை ஓட்டி, ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். பதினாறு வருஷம் அந்த வீட்டில் நான் ஸ்பேர். யார் வராவிட்டாலும் என்னை ஏற்றினீர்கள். இங்கேயும் ஸ்பேராகவே இருக்க நான் நாலு மணி நேரம் பஸ்ஸேறி வரவில்லை.

மிச்ச பெயிண்டை நம் வீட்டுக்கு அடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மனைவி

ஏப்ரல் 7, செவ்வாய்

மனைவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கும் கோபம் வரும் என்பதை நீ மறந்துவிட்டாய். காலிக் கட்டம் என்றால் ஸ்பேர். நான் கண்டுபிடித்ததல்ல, நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஓய்வு என்றால் கட்டத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட வேண்டும். நீ போடவில்லை. இங்கே நான் மட்டும் சும்மாவா இருக்கிறேன்? விடிந்ததும் சமையல், மகளின் டிபன், பிறகு டிப்போ, திரும்பி வந்தால் பாத்திரம். நம் வீட்டில் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று போன வருஷத்துக்கு ஒரு சார்ட் போட்டே அனுப்புகிறேன். நீயே பார்த்துக்கொள்.

புதன் காலை.

மேலே இருப்பதை நேற்று எழுதிவிட்டு அந்த சார்ட்டைப் போட உட்கார்ந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் நீ படிக்க வேண்டும் என்று விட்டுவைத்தேன்.

போன வருஷம் ஜூன் மாதத்தை எடுத்துக்கொண்டேன். என் டூட்டி, என் வார ஓய்வு, மகளின் பள்ளி, அவளுடைய ஞாயிறு எல்லாம் எளிதாக ஏறியது. என் ஓய்வுக் கட்டங்களில் நானே சிவப்புக் கோடு போட்டேன். பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்த நாலு நாள், அக்கா வீட்டு விசேஷம், குடிநீர் வராத வாரம், என் பல் பிடுங்கிய நாள் எல்லாவற்றுக்கும் ஆள் போட வேண்டி வந்தது. எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயரை எழுதினேன். முப்பது நாளில் அந்தப் பெயருக்கு ஒரு சிவப்புக் கோடும் இல்லை. ஜூலையைப் போட்டேன். அதுவும் அப்படியே. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்த மாதிரி சார்ட்டை டிப்போல ஒட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

ஒட்ட மாட்டேன். இப்படி ஒரு சார்ட் என் மேசைக்கு வந்தால் போட்டவனைக் கூப்பிட்டு விளாசியிருப்பேன். அதைத்தான் பதினாறு வருஷமாக நானே போட்டு நானே ஓட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உன் சார்ட்டை மறுபடி எழுதி வைத்திருக்கிறேன். உன் நேரத்தில் நான் கை வைக்கவில்லை. புதன்கிழமைக்குக் குறுக்கே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அக்காவை இனி நான் லீவு போட்டுக் கூட்டிவருகிறேன், உன் ஹாஸ்டல் பக்கமே வர மாட்டோம். காசாளரிடமும் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டுக்கு ஸ்பேர் நான்.

உன்னைப் பார்த்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒரு புதன்கிழமை வரட்டுமா? கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

கணவன்

ஏப்ரல் 16, வியாழன்

அன்புள்ள கணவருக்கு,

சிவப்புக் கோடு போட்ட சார்ட்டை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நேற்று புதன். யாரும் வரவில்லை. எட்டு மணி வரை தூங்கினேன். தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழக வேண்டும் போலிருக்கிறது, இரண்டு முறை துடைப்பத்தைத் தேடி எழுந்துவிட்டேன்.

நீலத்தில் இருபத்தாறு டின் போய்விட்டது. ஒரு நீச்சல் பள்ளிக்காரர் சுற்றுச்சுவருக்கு எடுத்துக்கொண்டார். இன்னும் பதினான்கு இருக்கிறது, இரண்டு வாரமும் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போது இப்போது ஷேடு எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை விட்டுவைத்தது நல்லது. அதைப் படித்துக் கொதித்த பிறகுதான் இரண்டாம் பாதியை நம்ப முடிந்தது. ஆனாலும் பதினாறு வருஷக் கோபம் ஒரு சிவப்புக் கோட்டில் ஆறிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதன்கிழமை வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை இரண்டிலிருந்து மூன்றரை வரை கடைக்காரர்கள் கண்ணயரும் நேரம். பெரிய ஹார்டுவேர் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இருப்பேன். ஒன்பதரை பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். தாமதமானால் காத்திருக்க மாட்டேன், நாலு மணிக்கு எனக்குக் கான்ட்ராக்டர் இருக்கிறார்.

அடுத்த வியாழன் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பென்சிலில்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி