முன்கதவின் வெள்ளை

மாமா,

போன வாரம் பட்டறைக்குக் கட்டிப்போன சேலையைத் துவைக்க எடுத்தேன். பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். வந்தது நல்லதாகப் போயிற்று. உயிரோடு இருந்தவரை நீங்கள் பேசினீர்கள், மருமகள் நான் கேட்டுக்கொண்டேன். இன்று நீங்கள் கேளுங்கள்.

விஷயம் உங்கள் காரைப் பற்றியது. நீங்கள் போன பிறகு அதில்தான் மோகனூர்ப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய் வருகிறேன். போன வாரம் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னைத் தாண்டிப் போனபோது, டிரெய்லரின் இரும்புக் கொக்கி வலதுபக்கப் பின்கதவில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டது. தகடு நசுங்கவில்லை. தடவினால் நகம் லேசாகச் சிக்கும், அவ்வளவுதான்.

உங்கள் மகன் கதவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு வருசத் திதி. சொந்தபந்தம் பூரா ஆத்தங்கரைக்கு வருது. அதுக்குள்ள கதவு முழுசா பெயிண்ட் அடிச்சுப்போடலாம். அப்பறம் ஒரு டிரைவர் வெச்சுக்கலாம், உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். எவ்வளவு அக்கறை பாருங்கள். டிரைவர் வந்தால் சாவி மறுபடியும் என் கையை விட்டுப் போகும். அவன் முதலில் உங்கள் மகனின் லாரி ஆபீசுக்குப் போவான், நான் பழையபடி பஸ்ஸுக்கு நிற்பேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சட்டம் உங்களுடையது. லாரியோ காரோ, அடிபட்ட வண்டி நேரே பட்டறைக்குப் போக வேண்டும், சரிசெய்த பிறகுதான் வாசலுக்குள் வர வேண்டும். "கீறலோட வண்டி உள்ள வந்தா, ஊட்ல ஆம்பள இல்லைன்னு நெனப்பாங்க அம்மிணி" என்பீர்கள். லைசென்ஸ் வாங்கிய புதிதில் அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சட்டம் உங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

பட்டறையில் உங்கள் பெயிண்டர் செங்கோடன் குத்தவைத்து உட்கார்ந்து கீறலைப் பார்த்தார். "ஏனுங்க்கா, இதுக்குப் போயி கதவு பூரா அடிக்கறதுங்களா? கம்பவுண்டுப் பசை போட்டுத் தேச்சா முக்காவாசி போயிரும். மிச்சத்துக்கு மட்டும் பெயிண்ட்டத் தொட்டு டச்சப் வெச்சு உட்டா துரு புடிக்காது. கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும்."

முழுக் கதவும் அடிக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு என்றேன்.

"அடிக்கலாமுங்க. ஆனா முன்கதவு ஏற்கெனவே அடிச்ச கதவு. அந்த வெள்ளையும் இந்த வெள்ளையும் சேராது. ரெண்டையும் சேத்துத்தான் அடிக்கோணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவாதுங்க."

"அந்த முன்கதவும் நான் இடிச்சதுதானுங்க" என்றேன். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய்.

அவர் சிரித்துவிட்டார். "நீங்களா? பெரியவரு நம்ம பட்டறை வாசல் தூண்ல ஒரசி நசுக்கிப்போட்டாருங்க்கா. சோத்தாங்கைப் பக்கம் கண்ணு செரியாத் தெரியலைன்னாரு. ஊட்ல மூச்சு உட்றாத சாமி, பையன் சாவியப் புடுங்கிக்குவான்னாரு. நானும் சொல்லலீங்க. இப்ப அவரே போயிட்டாரு, இனி என்னங்க."

அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள்தான் தன்னந்தனியாகப் பள்ளிபாளையம் வரை ஓட்டிப்போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வந்திருந்தேன். கால் தரையில் படவில்லை எனக்கு. மறுநாள் நீங்கள் காரை எடுத்துப்போய்விட்டுத் திரும்பியதும், முன்கதவின் வெள்ளை வேறு மாதிரி இருக்கிறதே என்று உங்கள் மகன் கேட்டார். நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நேத்து அம்மிணி பள்ளிபாளையம் போயிட்டு வந்தாளல்ல, எங்கியோ இடிச்சுப்போட்டா. காத்தால பாத்தேன். உடுறா, சின்னப்புள்ள. நான் செரிபண்ணிப்போட்டேன்."

நசுங்கிய கதவை நான் கண்ணால் பார்க்கவில்லை. யார்தான் பார்த்தார்கள்? உங்கள் சட்டப்படி, சரிசெய்த பிறகுதானே அது வீட்டுக்கு வந்தது. திருச்செங்கோட்டு வளைவிலா, சந்தையோரமா, எங்கே இடித்திருப்பேன் என்று வந்த வழி முழுவதையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்டேன். சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்ததற்கு நன்றியும் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். சாவி உங்கள் சட்டைப் பைக்குள் போனது.

பயந்திருக்கிறீர்கள். அது புரிகிறது. சாவி இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? ஆனால் உங்கள் சாவியைக் காப்பாற்றிக்கொள்ள என் சாவியைப் பலி கொடுத்தீர்கள். விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். அத்தோடு விட்டீர்களா? அரைப் பார்வையோடு என் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் ஓட்டினீர்கள்.

செங்கோடனிடம் சொல்லிவிட்டேன். பின்கதவைத் தேய்த்து டச்சப் மட்டும் வையுங்கள், முன்கதவில் கை வைக்காதீர்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை மோகனூர் ஆற்றங்கரையில் உங்களுக்குப் பிண்டம் கரைத்து முடிந்ததும், உங்கள் தம்பி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். தேய்த்தும் போகாத மிச்சம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. "ஏன் அம்மிணி, மறுபடியும் கை வெச்சுட்டயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது உங்கள் மகன்.

"பின்கதவு நான் ஓட்டறப்ப ஆனதுங்க" என்றேன். "முன்கதவு மாமா இடிச்சதுங்க. கண்ணு தெரியாம பட்டறைத் தூண்ல இடிச்சுப்போட்டு என் மேல சொல்லிட்டாருங்க. செங்கோடனக் கேட்டுப் பாருங்க."

உங்கள் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டார். "செத்தவரப் பத்தி இன்னைக்கா பேசோணும்?"

"இன்னைக்குத்தானுங்க எல்லாரும் இருக்கறீங்க."

உங்கள் மகன் காரிடம் போனார். முன்கதவை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார், பக்கத்துக் கதவையும் தடவிப் பார்த்தார். வீடு திரும்பும்போது ஓட்டுகிற சீட்டை எனக்கு விட்டு இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இன்று காலை பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். வழியில் எதுவும் நடக்கவில்லை, எதிரில் ஒரு மாடுகூட வரவில்லை. ஆனாலும் என் கால் தானாக வண்டியைச் சுற்றி வந்தது. எங்காவது இடித்திருப்பேனோ என்று நான்கு பக்கமும் குனிந்து பார்த்தேன். பள்ளியில் ஏதாவது காணாமல் போனாலும், நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேனோ என்று முதலில் எழுந்து ஓடுகிறவள் நான். செய்யாததையும் செய்ததாக நம்பும்படி என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். சாவி என்னிடம் வந்துவிட்டது. இந்தப் புத்தி என்னைவிட்டுப் போகவில்லை. அது போகிற வரைக்கும் உங்கள் படத்துக்கு நான் போடுகிற மாலையை உங்கள் மகனே போடட்டும், மாமா.