சரிவுப் பாதை

14 மார்ச் 1968, வியாழன்

கடற்கரைப் பூங்காக் குழுக் கூட்டம் இன்றும் பொழுதுபடும்வரை இழுபட்டது. பூங்காவிலிருந்து மணலுக்கு இறங்கப் படி கட்டலாம் என்றார் தலைவர். படி வேண்டாம், சரிவான பாதை போடுங்கள் என்றேன் நான்.

"அதுக்குக் கனக்க இடம் வேணும், ரீச்சர். ஆருக்காக?"

சொல்லக்கூடாது என்றுதான் போயிருந்தேன். களைப்பில் வாய்விட்டுவிட்டேன். "என்ர மனுசனுக்காக. துறைமுகத்தில கால் போன பிறகு அவர் கடலைக் கிட்டப் போய்ப் பாக்கேல்லை."

தலைவர் வரைபடத்தில் படிகளை அடித்துவிட்டார்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் இவர் சில்லுக் கதிரையைத் தானே உருட்டிக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு வந்தார்.

"என்ர கதையை அங்க எடுத்தனீரோ?"

"இல்லை. எல்லாருக்கும் வசதி எண்டு அவையளே ஒத்துக்கொண்டவை."

"அதுதான் முறை," என்றார். இரக்கப்பட்டுத் தருகிற எதையும் இவர் தொடமாட்டார்.

சாப்பிடும்போது, பாதை திறக்கிற அன்று தலைவருக்குத் தன் வாயாலேயே நன்றி சொல்லவேண்டும் என்றார். நான் ஓம் என்றேன். வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம்முறை சோறு கேட்டு வாங்கினார்.

இனித் தலைவரைத் தனியே கண்டு, இவரிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கேட்கவேண்டும். கேட்டால் அவருக்கு என்மேலும் இரக்கம் வரும். இன்றைக்கு அதை நினைக்கவும் ஏலாது.