குதிரை முடிப் பிரஷ்

அஹ்வாஸ்
ஷஹ்ரிவர் 20, சூரிய ஹிஜ்ரி 1371

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. அம்மா நலம். நீங்கள் கடிதம் போட்டு நான்கு மாதமாகிறது என்று சொல்லிக் காட்டுகிறாள். நானும் எழுதவில்லை, குறை என்மேலும்தான்.

தங்கை மொஷ்கானுக்கு அடுத்த மாதம், மெஹர் 23, வியாழக்கிழமை திருமணம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகள் நாஹித் போய் ஒன்றரை வருடமாகிறது. என் முகத்தில் இன்னும் துக்கத் தாடி. இந்த முகத்தோடு மணமக்கள் உட்காரும் திருமண விரிப்பின் அருகே போனால் மணமகளுக்கு ஆகாது என்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் அவளைக் கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைக்க வேண்டியவன் நான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இறந்தவளின் வீட்டுப் பெரியவர் நாற்பதாம் நாளில் வெளிர்நிறச் சட்டையும் சவர சாமானும் கொண்டுவந்து, 'போதும், மகனே' என்று சொல்ல வேண்டும். அன்று நான் கூடத்தில் காத்திருந்தேன். நீங்கள் சமையலறையில் தேநீர்க் குவளைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். விபத்தன்று வண்டியை ஓட்டியவன் நான். அந்தப் பனியில் மலைப்பாதையில் இறங்கியிருக்கக் கூடாது. அதனால் நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். நீங்கள் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். ஒரு பிளேடும் அந்த ஒரு சொல்லும் தபாலில் அனுப்புங்கள்.

உங்கள் மருமகன்
கேய்வான்


ஹமதான்
ஷஹ்ரிவர் 28

கண்மணி கேய்வானுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மொஷ்கானுக்கு என் ஆசி. கட்டாயம் அனுப்புகிறேன். ஆனால் வெறும் பிளேடு அனுப்பினால் நன்றாக இருக்குமா? முப்பத்திரண்டு வருடம் வடிவியல் நடத்தியவன் நான். அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லை. இதிலும் தவறிவிடுவேனோ என்று பயம்.

மடக்குக் கத்தி வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தேன். துக்கத்தில் தனியாக இருப்பவன் கையில் அது இருக்கக் கூடாது. பிளேடு மாட்டும் ரேசர்தான். அதில் இரண்டு வகை உண்டு. விளிம்பு நேராக இருப்பது மென்மையானது, ஆனால் நீண்ட தாடி அதில் அடைத்துக்கொள்ளும். சீப்புப் பல் உள்ளது முடியை வழித்துக்கொண்டு போகும், ஆனால் கை அழுத்தினால் வெட்டும். முதலில் கத்தரியால் குறைத்துக்கொள்வாய் என்றால் முதல் வகை போதுமானது. கன்னத்தில் உன் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது? கழுத்தில் கீழிருந்து மேலா? தயவுசெய்து கண்ணாடியில் பார்த்து எழுது.

கடைத்தெருவில் ஹாஜி மொராத்தின் கடைக்குப் போனேன். "உங்களுக்கா வாத்தியாரே? இந்தத் தாடிக்கு ரேசர் பத்தாது, அரிவாள்தான் வேணும்" என்றார். மருமகனுக்கு என்றேன். ஐந்து ரேசர்களை எடுத்துப்போட்டார். பக்கத்து மருந்துக்கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன். "மூஞ்சிக்கு ரேசர் எடுக்கிறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை எடுக்கிறீங்களா?" என்று சிரித்தார். சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சுருங்கி, தேநீர் வரவழைத்தார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். ரேசரையும் எடுக்கவில்லை.

உன் மாமா
யதுல்லா


அஹ்வாஸ்
மெஹர் 5

அன்புள்ள மாமாவுக்கு,

கன்னத்தில் கீழ்நோக்கி வளர்கிறது. கழுத்தில் இடது பக்கம் சுழி. ரேசர் எதுவானாலும் சரி. எங்கள் குழாய்த் தண்ணீர் உப்பு, எந்த சோப்பும் சீக்கிரம் நுரைக்காது. அதனால் சோப்பைப் பற்றியும் யோசிக்காதீர்கள். கையாலேயே தேய்த்துக்கொள்வேன்.

மடக்குக் கத்தி பற்றி எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள் மாமா. அந்த நாட்கள் கடந்துவிட்டன.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. தபால் இங்கு வர ஒரு வாரம் ஆகிறது. மொஷ்கான் தினமும் தபால்காரரை வாசலில் மறிக்கிறாள். "அண்ணனோட மூஞ்சி வந்துச்சா?" என்று கேட்கிறாளாம்.

கேய்வான்


ஹமதான்
மெஹர் 14

கண்மணி கேய்வானுக்கு,

ரேசர் வாங்கிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு கிராம். கைப்பிடியில் நல்ல சொரசொரப்பு, ஈரக் கையில் வழுக்காது. படிகாரக் கட்டி, செம்புக் கிண்ணம், வெளிர்நீலச் சட்டை எல்லாம் தயார். உப்புத் தண்ணீருக்கு ஆட்டுக்கொழுப்புச் சேர்ந்த சோப்புதான் ஓரளவு நுரைக்கும் என்று ஒரு நாவிதர் சொன்னார், அதையும் வாங்கினேன். அந்தச் சோப்பில் பிரஷ்ஷால்தான் நுரை எழுப்ப முடியும். அங்கேதான் சிக்கல்.

ஒரு பிரஷ் வாங்கிவந்தேன். குதிரை முடி என்று கொடுத்தார்கள். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குதிரை முடி நுனியில் ஒற்றையாகக் கூர்ந்து முடியும். இது நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. பன்றி முடி அப்படித்தான் பிளக்கும். திரும்பப் போய்க் கேட்டேன். "முடி என்ன அடையாள அட்டையா வச்சிருக்கும் ஐயா? நாலு பேர் வாங்குறாங்க, ஒருத்தரும் கேட்டதில்ல" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். மருமகன் துக்கம் கழிக்க என்றேன். "அப்ப வெறுங்கையால தேச்சுக்கட்டுமே. மனசு வந்து அனுப்புறதுதான முக்கியம்" என்றார்.

அவர் சொன்னது சரிதானோ என்று வீடு வரும் வரை நினைத்தேன். ஆனால் நாஹித் பெயரால் போகும் பொருளில் அசுத்தம் இருக்கலாமா? தெஹ்ரானிலிருந்து உண்மையான குதிரை முடிப் பிரஷ் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாறு நாளில் வருமாம். வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்புவேன். கணக்குப்படி கொஞ்சம் இறுக்கம்தான். மற்றவற்றை மட்டும் முன்னால் அனுப்பலாமா என்று யோசித்தேன். குறையோடு ஒன்றைத் தொடங்கி வைப்பது சரியாகப்படவில்லை.

யதுல்லா


அஹ்வாஸ்
மெஹர் 30

மதிப்பிற்குரிய யதுல்லா ஐயாவுக்கு,

பார்சல் 29ஆம் தேதி வந்தது. திருமணம் 23ஆம் தேதி நடந்தது.

நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று விருந்தினரின் வண்டிகளுக்கு இடம் காட்டினேன். பலர் என்னைக் காவல்காரன் என்று நினைத்தார்கள். மொஷ்கான் வெள்ளை உடுப்போடு தெருவுக்கே வந்துவிட்டாள். "அண்ணா, தாடியோடயே வா. கெட்டது வந்தா என் தலையோட போகட்டும்" என்றாள். போக முடியவில்லை. எங்கள் பெரியப்பா மகன் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனான். "அந்த மனுஷன் அங்க உக்காந்து முடி முடியா எண்ணிக்கிட்டிருக்காரு. இங்க என் பொண்ணு அண்ணன் இல்லாம உக்காந்திருக்கா" என்று அம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். நான் அவளைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை, கணவன் வீட்டுக்குப் புறப்படும் முன் மொஷ்கான் முக்குக்கடையில் ஒரு பிளாஸ்டிக் ரேசர் வாங்கிவந்தாள். முற்றத்துத் தொட்டி விளிம்பில் என்னை உட்காரவைத்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் குழைத்துப் பூசி அவளே வழித்தாள். கழுத்துச் சுழியில் இரண்டு இடம் வெட்டிவிட்டது. கடைசியில் துண்டால் துடைத்துவிட்டு, "போதும்ணா" என்றாள். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். வழக்கப்படி அது செல்லாது. எனக்குச் செல்லும்.

உங்கள் பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் நேர்த்தியாக இருந்தது. காகிதம் மடித்த விதம்கூட. அந்தச் சொல்லை மட்டும் தேடினேன். சோப்புக் காகிதத்தையும் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

கேய்வான்


ஹமதான்
ஆபான் 12

கேய்வானுக்கு,

'ஐயா' என்று எழுதியிருந்தாய். நியாயம்தான்.

பார்சல் வந்து சேர்ந்தது. சட்டையை நாஹித்தின் அலமாரியில் வைத்தேன். நீ கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரஷ் 20ஆம் தேதி வந்துவிட்டது. அன்றே அனுப்பியிருந்தால்கூட ஒருவேளை உரிய நேரத்தில் சேர்ந்திருக்காது. ஆனால் நான் அன்று அனுப்பவும் இல்லை. இரண்டு நாள் மேசைமேல் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியில் குறை ஏதும் இல்லை. முதல் பார்வையிலேயே தெரிந்தது.

வண்டியை ஓட்டியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வாரமே புறப்பட்டு வா என்று அவளுக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான். முழங்கால் வலி, பார்க்க வேண்டும் என்றேன். வலி அன்று அவ்வளவாக இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பதாம் நாளில் கறுப்புச் சட்டைகளை எல்லோரும் கழற்றினார்கள். அவளுடைய சித்திகள்கூட நிறம் மாற்றினார்கள். மீதி இருந்தது நீயும் நானும். உன் முகத்தில் அந்தத் தாடி இருக்கும்வரை அவளுக்காகத் துக்கம் காக்க இன்னொருவரும் இருக்கிறார் என்று இருந்தேன். அஹ்வாஸில் ஒரு தாடி, ஹமதானில் ஒரு தாடி. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் நான் தனியாகிவிடுவேன். இதற்காக உன் தங்கையின் திருமணத்தில் உன்னை வாசலில் நிற்கவைத்தேன். மொஷ்கானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன் அம்மா சொன்னதில் தவறில்லை.

நேற்று வெந்நீர் வைத்து, கிண்ணத்தில் சோப்பு நுரை எழுப்பினேன். எங்கள் தண்ணீருக்கு அழகாக நுரைத்தது. முகம் முழுக்கப் பூசிக்கொண்டு ரேசரோடு கண்ணாடி முன் நின்றேன். எங்கள் வீட்டில் எனக்கு மூத்தவர் எவரும் உயிரோடு இல்லை. எனக்கு யார் சொல்வது? நுரை காய்ந்து தோல் இழுக்க ஆரம்பித்தது. துடைத்துவிட்டேன்.

வழக்கப்படி செல்லாவிட்டாலும் செல்லும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பலமுறை படித்தேன். என்றாவது மனம் வந்தால் ஒரு வரி எழுது. வராவிட்டால் குறையில்லை.

பிரஷ்ஷை உதறி, முடி கீழே பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படி வைத்தால்தான் அடி அழுகாது.

உனக்குச் சேர வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இனி இது உனக்குத் தேவைப்படாது என்று தெரியும்.

போதும், மகனே.

யதுல்லா