இருபத்திரண்டு கோடுகள்

ஜூன் 3

மதிப்பிற்குரியவருக்கு,

பன்னிரண்டு வருடங்கள் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். விவாகரத்து விஷயமாக எழுதவில்லை. அது நாம் இருவரும் சோம்பலில் விட்டுவைத்த காரியம்.

துறையில், எலும்புச் சீவல் ஒட்டிய பழைய கண்ணாடிச் சில்லுகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறோம். நேற்று நம் ஊர்வன விலங்கின், பல கோடி வருடங்களுக்கு முன் கல்லாகிப்போன தொடையெலும்பு வந்தது. நீங்கள் அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை நான் தேய்த்த அதே சில்லு. உயிரோடிருக்கும்வரை வருடத்துக்கு ஒருமுறை வளர்ச்சி நின்று எலும்பில் ஒரு கருங்கோடு விழும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒன்பது கோடுகள் எண்ணி, ஒன்பது வயது என்று கட்டுரை எழுதினீர்கள். மறுவருடம் நான் பத்து எண்ணினேன். அதை மாநாட்டில் எழுந்து நின்று சொன்னேன்.

நேற்று எண்ணியபோது இருபத்திரண்டு.

"லேபிள் மாறியிருக்கும் மேடம், விடுங்க" என்கிறார் உதவியாளர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போகும்போது சில்லை மாற்றிவைத்தீர்களா? குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சக ஆய்வாளர்

ஜூன் 11

அன்புள்ள அரத்துக்கு,

உன் கைக்கும் நாக்குக்கும் சேர்த்து நான் வைத்த பெயர், மறந்திருக்க மாட்டாய். நான் எப்போது 'நீங்கள்' ஆனேன்?

சில்லை நான் தொடவில்லை. 'எண்ணத் தெரியாத வாத்தியார்' என்று பெயர் வாங்கி வேலையை விட்டவனுக்கு அந்த அறைக்குள் திரும்ப நுழைய மனம் வருமா? எடுத்துவந்தது எலும்பின் மறுபாதியை மட்டும்தான். பிஸ்கட் டப்பாவில் போட்டு, நூல் சுற்றி, அலமாரிமேல் வைத்தேன். இதுவரை திறக்கவில்லை.

இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சிரிக்காதே. "உங்க கண்ணாடியே இவ்ளோ தடியா இருக்கே, உங்கள நம்பி எப்படிங்க?" என்று நேற்று ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

முட்டி வலி தேவலையா? மதியம் சாப்பிடுகிறாயா?

அதே சோடாபுட்டி

ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது.

சில்லு மாறவில்லை. மாநாட்டுக்கு முந்தைய நாள் நான் கீழே போட்டு, அதில் ஒரு கீறல் விழுந்ததே? நடுவிலிருந்து வெளிவிளிம்புவரை ஓடியது. அன்றைய படத்தில் அப்படித்தான் இருக்கிறது. இப்போது அந்தக் கீறல் பத்தாவது கோட்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே இன்னும் பன்னிரண்டு கோடுகள், கீறலே இல்லாத எலும்பு.

ஒரு வாரமாக வேறு விளக்கம் தேடினேன். பசை, ஈரம், என் கண். எதுவும் பொருந்தவில்லை. உங்கள் பழைய படத்தையும் எடுத்து எண்ணினேன். ஒன்பதுதான். நீங்கள் எண்ணியபோது ஒன்பது, நான் எண்ணியபோது பத்து. உங்கள் மேல் தவறில்லை. இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு கோடுகள் தேவைப்பட்டன. ஆய்விதழுக்கும் எழுதப்போகிறேன்.

உங்களிடமுள்ள பாதியை அளந்து சொல்லுங்கள். அறுத்த அன்று பதினான்கு சென்டிமீட்டர்.

உங்கள்,
அரம்

ஜூன் 28

அன்புள்ள அரத்துக்கு,

டப்பாவை இறக்கினேன். முடிச்சு அவிழவில்லை, நூல்தான் நைந்து அறுந்திருந்தது. மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது.

பத்தொன்பது. எண்ணத் தெரியாதவன் அல்லவா, மூன்று முறை அளந்தேன்.

ரம்பத்தால் அறுத்த பக்கம் தட்டையாக இருக்கும், மேசையில் நிற்க வைப்போமே? இப்போது நிற்கவில்லை. அந்தப் பக்கம் உருண்டு, புண் ஆறியதுபோல மூடியிருக்கிறது.

ஆய்விதழுக்கு எழுதாதே. ஊர் சிரிக்க நான் ஒருவன் போதும். நீ எனக்கு எழுதினாயே, எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் சொல். எந்த விலங்குக்கும் ஒரு கட்டத்தில் வளர்ச்சி ஓயும். இதற்கு ஓய்ந்துவிட்டதா?

சோடாபுட்டி

ஜூலை 5

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். சிரிக்கட்டும், இந்த முறை இருவரையும் பார்த்து.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சில்லோடு வருகிறேன். உட்கார்ந்து சேர்ந்து எண்ணுவோம்.

நீ கேட்டதற்குப் பதில். வளர்ந்து முடித்த விலங்கில், ஓரத்துக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நெருங்கிவிடும். நேற்று முழுவதும் அந்த நெருக்கத்தைத்தான் தேடினேன். எங்கும் இல்லை. கடைசி இடைவெளிதான் எல்லாவற்றிலும் அகலமாக இருக்கிறது.

அதனால் மூடியை அழுத்தி மூடப் பார்க்காதே. பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வை.

அது இன்னும் குட்டி.

உன்,
அரம்